கசகசா டப்பாவில் கண்ணாடி

செகெட் நகரத் தாவரவியல் நிலையத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடி திருடு போகிறது என்று பேச்சு. எடுத்துப் போகிறவர் ஆய்வுக்கூட உதவியாளர் கோசோ வில்மாவாம். மிளகாய்ப்பொடிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்துக் கொண்டுபோகிறாராம். அவர் புருஷன், டிராம் ஓட்டும் ஃபெர்கோ, அதைக்கொண்டு தோட்டத்தில் தக்காளிக்குக் கண்ணாடிக் குடில் கட்டுகிறாராம். சொன்னவர் வாசல் காவலர் போதி மாமா. அவரிடம் கேட்டால், கொதிகலன் ஆள் சொன்னதாகச் சொன்னார். கொதிகலன் ஆளிடம் போனால், போதி மாமா சொன்னதாகச் சொன்னார். வதந்திக்கு இவ்வளவு ஒழுங்கான வம்சாவளி அமைவது அபூர்வம்.

விசாரித்ததில், கண்ணாடி போனது நிஜம். ஆனால் அது கவர் ஸ்லிப். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பொருளை மூடுகிற, கட்டைவிரல் நகமளவுச் சில்லு. வாரம் நூறு வீதம் சேர்த்தால் குடில் எழும்பப் பன்னிரண்டு வருஷம் ஆகும். தக்காளி அவ்வளவு காலம் பொறுக்காது.

கதை அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. இரண்டு வருஷம், பதினோரு விண்ணப்பம், அத்தனையும் வில்மா கைப்பட எழுதியவை. அதற்கப்புறம்தான் நிலையத்து மைக்ரோஸ்கோப்புக்கு அந்த லென்ஸ் வந்து சேர்ந்தது. அதன் கழுத்தில் ஒரு வளையம் இருந்தது. லென்ஸின் நடுவே வரும் ஒளியும் ஓரமாக வரும் ஒளியும் ஒரே புள்ளியில் கூடினால்தான் படம் தெளியும். கவர் ஸ்லிப் கொஞ்சம் தடித்தாலும் மெலிந்தாலும், கல்யாண வீட்டில் பாதிப் பேர் சூப் முடிந்தபின் வந்த கதைதான். வளையத்தைத் திருகினால் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள்.

மாணவர்கள் வளையத்தைக் கண்டபடி திருகினார்கள். துணைப் பேராசிரியர் கெதியோன் ஒழுங்கு விரும்பி. கவர் ஸ்லிப் பெட்டிமேல் தடிமன் நூற்றில் பதினேழு மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருந்ததால் வளையத்தையும் பதினேழில் நிறுத்தி, சிவப்பு மெழுகு உருக்கி, நிலையத்தின் முத்திரையைக் குத்தினார்.

"பெட்டியிலயும் பதினேழு, வளையத்துலயும் பதினேழு. இனி யாரும் கை வெக்க வேணாம்."

"பெட்டியில போட்டிருக்கறது கண்ணாடிக்குத் தெரியுமாங்க?" என்றார் வில்மா.

கண்ணாடிக்குத் தெரியவில்லை. டிராம் பணிமனையிலிருந்து ஃபெர்கோ இரவல் வாங்கி வந்த திருகு அளவியில் வைத்துப் பார்த்தால் ஒன்று பன்னிரண்டு, ஒன்று இருபத்தொன்று. அன்றுமுதல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சமையல் மேசையில் தரம் பிரிப்பு நடந்தது. மூன்று கசகசா டப்பா. ஃபெர்கோ சீட்டு எழுதி ஒட்டினார்: 'நல்லது', 'ஒல்லி', 'டெப்ரெட்சனுக்கு'. தடித்தவை எல்லாம் போட்டி ஊரான டெப்ரெட்சனின் பல்கலைக்கழகப் பேர் போட்ட மூன்றாம் டப்பாவுக்குப் போயின. திங்கட்கிழமை டப்பாக்கள் கூடத்துக்குத் திரும்பும்; நல்லவை மட்டும் பயன்படும். படங்கள் பளிச்சென்று வந்தன. எல்லாம் மெழுகின் மகிமை என்று கெதியோன் இரண்டு கூட்டங்களில் பேசினார்.

பங்குனி வாக்கில் தலைநகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டாக்டர் ஒர்மோஷ் என்ற அம்மையார் செவ்வாயன்று சோதனைக்கு வருவார். லென்ஸைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தால் அது டெப்ரெட்சனுக்குப் போகும். லென்ஸ் போனால் மறுபடி பதினோரு விண்ணப்பம் எழுத வில்மாவின் கையில் தெம்பில்லை.

இந்த நேரம் பார்த்து வதந்தி கெதியோன் காதுக்கும் எட்டியது. திங்கட்கிழமை காலை வாசலிலேயே பையைத் திறக்கச் சொன்னார்.

"வில்மாக்கா, டப்பாவுல என்ன?"

"கசகசா இல்லீங்க."

"நிலையத்துச் சொத்து வீட்டுக்கு எதுக்குப் போவுது?"

"அளக்கறதுக்குங்க."

"அளவுதான் பெட்டியிலயே போட்டிருக்கே." டப்பாக்களைப் பெட்டகத்தில் பூட்டி, முறைப்படி ரசீதும் கொடுத்தார். போதி மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தனக்கு ஒன்றும் தெரியாதது போல ஆற்றைப் பார்த்தார்.

செவ்வாயன்று கெதியோன் எலுமிச்சை மகரந்தத்தை வைத்து, பெட்டியிலிருந்து வந்த கவர் ஸ்லிப்பால் மூடினார். ஒர்மோஷ் குனிந்து பார்த்தார்.

"பனிக்காலத்துத் தெருவிளக்கு மாதிரி இருக்கு."

கெதியோன் பெட்டியிலிருந்து வேறு சில்லை மாற்றி வைத்தார். பனி இன்னும் கனத்தது.

வில்மா தொண்டையைச் செருமினார். "ரெண்டே வழிங்க. மெழுக உடைங்க, இல்ல பெட்டகத்தத் தொறங்க."

மெழுகை உடைக்க இயக்குநர் கையெழுத்து வேண்டும். இயக்குநர் ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். பெட்டகம் திறந்தது.

ஒர்மோஷ் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவதில் நின்றார்.

"நான் படிச்சதே டெப்ரெட்சன்லதான்."

கெதியோன் முகம் முத்திரை மெழுகின் நிறத்துக்குப் போனது. வில்மா எப்படியும் மூழ்கியாயிற்று என்று கேட்டுவிட்டார்: "அங்க எந்தக் கண்ணாடிங்க வரும்?"

"இதே கண்ணாடிதான். அளக்கத்தான் ஆள் கெடையாது."

'நல்லது' டப்பாவிலிருந்து எடுத்த சில்லை வைத்ததும் மகரந்தத்தின் வலைப்பின்னல் கண்ணி கண்ணியாக எழுந்தது. ஒர்மோஷ் நிமிர்ந்து, கட்டைவிரல் நகத்தால் முத்திரையைப் பெயர்த்து, 'டெப்ரெட்சனுக்கு' டப்பாவிலிருந்தே ஒன்றை மாட்டினார். "இப்ப நீங்க திருகுங்க."

வில்மா குவியத்தை ஒரு மயிரிழை மேலே, ஒரு மயிரிழை கீழே நகர்த்தினார். இரண்டு பக்கமும் மங்கல் ஒரே மாதிரி ஆகும்வரை வளையத்தைத் திருகினார். அதே வலைப்பின்னல், அதே கண்ணி.

"வளையத்த எதுக்கு வெச்சிருக்காங்கன்னு நெனச்சீங்க?" என்று ஒர்மோஷ் கெதியோனைக் கேட்டார். லென்ஸ் இருக்கட்டும், அளக்கிற அந்த அம்மாவும் கூடவே இருக்கட்டும் என்று அறிக்கையில் எழுதினார்.

வில்மாவுக்குத் தலைநகரில் சொந்தக்காரி இருப்பதாகப் போதி மாமா இப்போது சொல்லிவருகிறார்.

வளையம் இல்லாத வகுப்பு மைக்ரோஸ்கோப்புகளுக்காகக் கெதியோன் 'நல்லது' டப்பாவிலிருந்து ஐந்து சில்லு கைமாற்று வாங்கினார். சொன்ன வெள்ளிக்கிழமையே பெட்டியிலிருந்து ஐந்தை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். ஃபெர்கோ அளந்தார். இரண்டுதான் தேறியது.

"இன்னும் மூணு பாக்கிங்க," என்றார் வில்மா, நடைவழியில் மறித்து.

"பெட்டியில பதினேழுன்னுதானே போட்டிருந்துச்சு," என்றபடி கெதியோன் படியிறங்கிப் போனார்.