மறியலில் மாட்டிய இரண்டாவது பெட்டி

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாவதோடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவன், ஊரே படிக்கும்படி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யாரும் இதை எழுதவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலை மறியல் நடந்த வருஷங்கள் அவை. சங்கராபுரம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்து ஊர் ஒன்றில், டூரிங் கொட்டகையில் நான் ஆபரேட்டர். கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டால் யாரிடமும் பேச வேண்டாம். அந்த வேலை எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம். வேறு எந்த வேலையிலும் என்னால் நிலைத்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

அந்த வாரம் வந்தது ஒரு கொலைப் படம். ஆனால் சிரிக்க வைக்கிற கொலை. சின்ன ஊர் ஒன்றில் ரைஸ் மில் முதலாளி, நெல் ஊறப்போடும் தொட்டியில் தலைகுப்புறக் கிடக்கிறார். கம்பவுண்டர், தரகர், மச்சான், இரண்டாவது சம்சாரம் என்று அவரைப் பிடிக்காத எல்லாரும் சாவுக்கு வந்து, பிணத்தைப் பார்க்காமல் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பாடைக்கு யார் மூங்கில் வெட்டுவது என்பதிலேயே அடிதடி. ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

இடைவேளையோடு படம் நின்றுபோனது. படம் இரண்டு பெட்டியாக வரும். முதல் பெட்டி காலை பஸ்ஸில் வந்துவிட்டது. இரண்டாவது பெட்டி கள்ளக்குறிச்சித் தியேட்டரில் ஓடிவிட்டு வருவதற்குள் வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பெட்டி அங்கேயே தங்கிவிட்டது.

கூட்டம் இரண்டு பெஞ்சை உடைத்தது. சந்தைக்கு இறங்கியிருந்த மலைக்காரர்கள் எதையும் உடைக்கவில்லை. "கொன்னது யாருன்னு தெரியாம மலை ஏற மாட்டோம்" என்று சொல்லிவிட்டு, கொட்டகை மணலிலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்கள்.

கொட்டகை முதலாளி என்னிடம் வந்தார். "நாளைக்கு ஆட்டத்துக்குள்ள பொட்டி வரலன்னா படுதாவக் கிழிச்சிடுவானுங்க. அதுக்கு முன்னால நானே கொட்டாயப் பிரிச்சி வண்டியில ஏத்திக்கினு போயிடுவேன். நீ வேற வேலையப் பாத்துக்கோ."

விடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். போகும்போது வரப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்துவிட்டேன். திரும்பும்போது பெட்டியின் கனத்துக்கு வரப்பு சரிந்தது. வேறு வழியில்லை, ரோட்டுக்கே வந்தேன்.

வழியில் ஒரு பெரிய புளியமரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் வரிசையாக ஆட்கள்.

"இன்னாய்யா பொட்டில?"

"படம்."

"எந்த ஊரு நீ? எந்தத் தெரு?"

அந்த நாட்களில் அந்தக் கேள்விக்கு எது சரியான பதில் என்று யாருக்கும் தெரியாது. "கொட்டாய்" என்றேன். ஒருவன் சிரித்துவிட்டான். இன்னொருவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஊரே ரோட்ல குந்திக்கினு கெடக்குது, இவனுக்குப் படம் கேக்குதாம். கொளுத்துங்கடா!"

தீப்பெட்டியை எடுத்துவிட்டான். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, சைக்கிளைச் சாய்த்துப் பெட்டியை இறக்கி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் கிட்டே வந்தார். அவர் சொல்தான் அங்கே செல்லும் போலிருந்தது. "உசுர வுடற அளவுக்கு அது இன்னா படம்டா?"

சொன்னேன். முதலில் பெட்டியைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தேன். மூங்கில் சண்டைக்கு வந்தபோது மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் ஏறி வந்துவிட்டார்கள். தீப்பெட்டிக்காரன் அதை மடியில் செருகிக்கொண்டு, "ஒரக்கச் சொல்லுய்யா" என்றான். அவ்வளவு பேர் முன்னால் நான் பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"செரி, எவன் கொன்னான்?"

"தெரியலங்க. அது இந்தப் பொட்டியில இருக்குது. நானும் பாக்கல."

"அப்பத் தொற!"

பிலிமில் கை வைத்தால் ரேகை விழுந்துவிடும், நானே எடுக்கிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். கள்ளக்குறிச்சியில் அவசரத்தில் கடைசி ரீலைத் திருப்பிச் சுற்றாமலே வைத்திருந்தார்கள். அதனால் கதையின் முடிவு வெளிச்சுற்றிலேயே இருந்தது. இரண்டு முழம் இழுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். அத்தனை தலையும் என் தோளுக்குமேல் நெருங்கின.

மில் முதலாளியின் காரியத்துச் சாப்பாடு. மாலை போட்ட படம், அதற்கு முன்னால் பந்தி.

"கம்பவுண்டர் இருக்கான். மச்சான் இருக்கான். அந்தம்மா சோறு போடுது. தரகனக் காணோமே!"

"அவன்தான்! ஜெயிலுக்குப் போயிருக்கான்."

"போடா. வெத்தல வாங்கப் போயிருப்பான். மச்சான் மூஞ்சியப் பாரு, எல சோத்தத் தொடவேயில்ல."

"பொம்பள மட்டும் யோக்கியமா? சிரிச்சிக்கினே போடுது பாரு."

மூன்று கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். கைகலப்பு ஆகிவிடும் என்று பயந்தேன். பெரியவர்தான் கையை உயர்த்தினார். "அவங்க இன்னா பேசறாங்கன்னு கேக்காம நாம தீர்ப்பு சொல்லக் கூடாது. பொட்டியத் தூக்குங்கடா. கொட்டாய்க்கே போயிக் கேட்டுட்டு வந்துடலாம்."

மரத்தை வெட்டிப் போட்டவர்களே பெட்டியை அதற்குமேல் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். பெரியவரும் ஆறேழு பேரும் என்னோடு நடந்தார்கள். அடுத்தடுத்த மரங்களில் மறித்தவர்களிடம் அவர்களே பேசிக்கொண்டார்கள். எனக்கு வேலை இல்லை.

அன்று ஆட்டம் நேரத்துக்குத் தொடங்கியது. தரகர் அந்தப் பந்தியில்தான் இருந்தார். குனிந்து பாயசத்தை வழித்துக்கொண்டிருந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை. கொலைகாரன் என்று யாருமே இல்லை. கூலிக்காரர்கள் நெல்லைக் குறைத்துப் போட்டுவிட்டார்களோ என்று தொட்டிக்குள் எட்டிப் பார்த்த முதலாளி, தானே வழுக்கி விழுந்திருக்கிறார்.

ஜனம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டது. படுதா போச்சு என்று நினைத்தேன். மணலில் உட்கார்ந்திருந்த ஒரு மலைக்காரப் பெண்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் கேபின் பக்கம் திரும்பிக் கத்தினார்: "இதுக்காடா அந்த மரத்தத் தாண்டித் தூக்கினு வந்தோம்!"

மறுநாள் காலை மலைக்காரர்கள் ஏறிப் போனார்கள். பஸ் ஓடவில்லை. வேறு படம் வராததால் மாலையில் அதே படத்தை மறுபடியும் ஓட்டினேன்.