முத்தாத்தாளின் வேகம்

கோயமுத்தூர் மில் ஒன்றில் திருமலைசாமிக்கு ‘வாட்சுக்காரர்’ என்ற பெயர் விழுந்தது 1956-ல். உடுமலைப்பேட்டைப் பக்கம் தோட்டம் துரவு உள்ள நாயுடு குடும்பம். ஜவுளித் தொழில் டிப்ளமோ முடித்து, மில்லில் சூபர்வைசராகச் சேர்ந்திருந்தார். மானேஜர் சுந்தரராஜுலு அவரைப் பம்பாய்க்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தது.

பம்பாயில் கற்றுக்கொடுத்தது, அமெரிக்காவில் இரும்பாலை இன்ஜினியர் ஒருவர் அரை நூற்றாண்டுக்கு முன்னால் சொன்ன சித்தாந்தம். எந்த வேலைக்கும் ஆகச் சிறந்த வழி ஒன்றுதான் உண்டு; அதைக் கண்டுபிடித்து, நேரம் அளந்து, அந்த அளவுப்படி கூலி கொடுத்தால் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் சண்டை வராது. திருமலைசாமி இதை முழுதாக நம்பினார். ஊருக்குப் போயிருந்தபோது கிணற்றில் எருது பூட்டிக் கவலை இறைப்பதையும் நின்று அளந்தார். அவர் அப்பா, “எருதுக்கு நீயே சொல்லிப்போடு” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

மில்லில் முதலில் அவர் எடுத்துக்கொண்டது ரீலிங் பகுதி. நூலைச் சுற்றிச் சிட்டம் போடும் வேலை; எல்லாரும் பெண்கள். அதில் கை வேகம் அதிகம் என்று பெயர் எடுத்தவள் கிணத்துக்கடவிலிருந்து வந்த முத்தாத்தாள். கணவன் இல்லை. கொழுந்தன் மனைவி மாரியாத்தாளும் அதே பகுதியில் இருந்தாள். இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள்.

“எப்பவும் செய்யற மாதிரியே செய்ங்க அம்மணி. அவசரம் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத்தான் திருமலைசாமி அளந்தார். முத்தாத்தாள் தலையை ஆட்டினாள். அந்த வாரம் முழுக்க அவள் கை நிற்கவே இல்லை. அவளையும் இன்னும் சிலரையும் அளந்து, ஓய்வுக்குக் கொஞ்சம் கழித்து, ஒரு நாளைக்கு ஒருத்தி இவ்வளவு சிட்டம் போட வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். மானேஜர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

அடுத்த மாதம் அந்த அளவை எட்ட முடியாமல் முக்கால்வாசிப் பேருக்குக் கூலி குறைந்தது. அவர்கள் கோபம் திருமலைசாமி மேல் பாதி, முத்தாத்தாள் மேல் பாதி. சோற்றுநேரத்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மாரியாத்தாள் வீட்டுக்குள் தனி அடுப்புப் போட்டுக்கொண்டாள்.

திருமலைசாமிக்கு இது முதலில் தெரியாது. பக்கத்துப் பகுதியில் வேறு வேலையாக இருந்தபோது, ஜன்னல் வழியாக முத்தாத்தாளைத் தற்செயலாகப் பார்த்தார். கை மெதுவாக ஓடியது. மற்றவர்களுக்குப் பயந்து இவளும் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள் என்று நினைத்து, ஷிப்டு விட்டதும் கூப்பிட்டுக் கேட்டார்.

“என்னாலயும் முடியலீங்க” என்றாள் அவள். “எனக்கே கூலி குறைஞ்சு போச்சுங்க.”

“அன்னிக்கு முடிஞ்சுதே?”

“அன்னிக்கு நீங்க நின்னு பாத்தீங்க. நான் மில்லுக்கு வந்த நாளா யாரும் அப்படி நின்னு பாத்ததில்லீங்க. இப்ப ஊட்டுலயும் ஆரும் பேசறதில்லை. எழுதுனது நீங்க. அழிக்கறதும் நீங்கதானுங்க.”

பம்பாய்ப் பயிற்சியின் கடைசி நாளில் ஆசிரியர் அவசர அவசரமாகச் சொல்லி முடித்த ஒரு விஷயம் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அமெரிக்க ஆலை ஒன்றில் விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி ஏறியது. குறைத்தார்கள், அப்போதும் ஏறியது. தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்பதே காரணம் என்று அங்கே ஆராய்ந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அப்போது அதை அவர் ஒரு வேடிக்கைக் கதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மானேஜரிடம் போய் அளவு தப்பு என்றார்.

“அளவு சரிதான். ஆளுகதான் சரியில்லை” என்றார் சுந்தரராஜுலு. “பம்பாய்க்கு அனுப்புனது இதைச் சொல்லறதுக்கா?”

யூனியன் மனுக் கொடுத்ததில், விவகாரம் சர்க்கார் லேபர் ஆபீசர் முன்னால் சமரசப் பேச்சுக்குப் போனது. யூனியன் தரப்பில் வந்த பொங்கியண்ணன், “அளந்தவரையே கேட்டுருங்க” என்றார். மில் தரப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த திருமலைசாமி எழுந்தார். தான் பக்கத்தில் நிற்காத நேரத்தில் யாராலும் செய்ய முடியாத வேலையை அளவாக வைத்துவிட்டதாகச் சொன்னார். சுந்தரராஜுலு அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அளவு குறைந்தது. திருமலைசாமியை நூல் குடோனுக்கு மாற்றினார்கள். அன்று மாலை அவர் மனைவி அம்புஜம், “சொல்லாம இருந்திருக்கலாமே” என்றாள். “இருந்திருக்கலாம்” என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

பெண்களில் சிலர் மறுபடி முத்தாத்தாளோடு பேசத் தொடங்கினார்கள். மாரியாத்தாள் பேசவில்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்து மில்லில் ரீலிங் பகுதியையே மூடியபோது, கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு முத்தாத்தாள் கிணத்துக்கடவுக்குப் போய்ச் சேர்ந்தாள். திருமலைசாமி அவளை அப்புறம் பார்த்ததில்லை.

குடோனில் இருந்த காலத்தில் அவர் மனித மனத்தையும் வேலையையும் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடித் தேடிப் படித்தார். அறுபதுகளின் தொடக்கத்தில், மில் மேஸ்திரிகளுக்கான மாலை வகுப்பு ஒன்றுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். திருமலைசாமி போனார். நல்ல தலைவன் யார், ஆளை எப்படி வேலை வாங்குவது என்று வெளிநாட்டில் பேசிக்கொண்டிருந்ததையெல்லாம் மேஸ்திரிகளுக்குப் புரிகிற பேச்சில் சொன்னார். எதையும் கரைத்துக் குடித்தவர்போல் பேசமாட்டார். சொன்னவரின் கருத்து இது, இது எந்த இடத்தில் பொருந்தாமல் போனது என்று இரண்டையும் சேர்த்தே சொல்வார்.

1966-ல் புது மானேஜர் வந்தார். நூலைக் கூம்பு வடிவில் சுற்றும், புதிதாக இறக்கிய கோன் வைண்டிங் மெஷின்களுக்கு அளவு எடுக்க வேண்டும் என்று குடோனுக்கே வந்து கேட்டார்.

“மெஷின்ல நிக்கறவங்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சு, எதுக்கு அளக்கறோம்னு முதல்ல நீங்களே சொல்லோணுங்க. வேகமான ஆளா ஒருத்தரை நான் பொறுக்கமாட்டேன்” என்றார் திருமலைசாமி.

புது மானேஜர், “ஆகட்டும். திங்கக்கிழமை கூப்பிட்டுடலாம்” என்றார்.

கூட்டத்தில் கேள்விகள் நிறைய வந்தன. அது மதியம் தாண்டியும் நீண்டது. அளவெடுக்க நினைத்ததைவிட ரொம்ப நாள் பிடித்தது. வந்த அளவும் முதலாளி எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். அதை எதிர்த்து யாரும் மனுக் கொடுக்கவில்லை.