பாகு பதத்தில் காய்ச்சிய சாக்லேட் சாஸ்

பக்கத்து வீட்டுப் பங்காரக்காவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அவருடைய தம்பியைத் திட்டாமல் என்னால் முடிக்க முடியாது. அதனால் முதலிலேயே திட்டிவிடுகிறேன். வேங்கடசாமி ஒரு கல்நெஞ்சன்.

அம்மா செத்தபோது அவனுக்கு நாலு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. சூலூரில் தறிப்பட்டறையில் நூல் சுற்றியே அவனை இன்ஜினீயர் ஆக்கினார். தனக்கும் ஒரு கல்யாணம் வேண்டும் என்பதையே மறந்துபோனார். அவன் அமெரிக்கா போய் அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு போனில்தான் கூப்பிடுவான். அக்கா ஆறு மணிக்கே தலை சீவி வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். நாலு ஞாயிறு உட்கார்ந்தால் ஒரு ஞாயிறு மணி அடிக்கும். அடிக்காத நாளில், லைன் கிடைத்திருக்காது என்று அவனுக்காகப் பரிந்து பேசிவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தனியாக இருந்து பழகிவிட்டது என்பார். பொய். பழகியிருந்தால் அந்த ஸ்டூலில் வந்து ஏன் உட்கார வேண்டும்?

தொண்ணூற்றெட்டு மே மாதம் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னான். தங்குவது கோயமுத்தூரில், மாமனார் வீட்டில். சூலூருக்கு ஒரே ஒரு பகல். அக்காவுக்கு அதற்கே கால் தரையில் பாவவில்லை. தம்பியின் ஆறு வயது மகள் லோகப்பிரியாவைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறார். குழந்தைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதற்கு, ஐஸ்கிரீம்மேல் வீட்டில் காய்ச்சிய சாக்லேட் சாஸ் ஊற்றிக் கொடுத்தால் பிடிக்கும் என்றான்.

"கண்ணுக்கு இந்த ஊடு புடிச்சுப்போச்சுன்னா மறுக்கா வருவாங்கல்லங்க அம்மணி?" என்று என்னைக் கேட்டார். அந்த ஒரே நினைப்புதான்.

சாஸ் என்றால் அவருக்குத் தக்காளி சாஸ்தான் தெரியும். பேக்கரி உமர் பாரூக் பாயிடம் போய்க் கேட்டோம். கோகோ பவுடர், சர்க்கரை, பால், வெண்ணெய். இரண்டு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும், தண்ணீராகத் தெரியும், பயப்படக் கூடாது என்றார் பாய்.

அவர்கள் வருகிற அன்று காலையில் எங்கள் அடுப்பில்தான் காய்ச்சினார். இறக்குங்கள், இறக்குங்கள் என்று நான் கத்துகிறேன். பதம் வரவில்லை என்று கிண்டிக்கொண்டே இருக்கிறார். தீபாவளிக்கு வெல்லப்பாகு காய்ச்சித் தெருவுக்கே கச்சாயம் சுட்டுக் கொடுக்கிற கை, நான் சொல்லியா கேட்கும்? தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டி, உருண்டை நின்ற பிறகுதான் இறக்கினார். கெட்டது குடி என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். எங்கள் ஃபிரிட்ஜில் இருந்த ஐஸ்கிரீமை எடுத்துக் கிண்ணத்தில் வைத்து, அக்கா சூடாக ஊற்றினார். ஊற்றியது ஊற்றியபடி இறுகித் தகடாகிவிட்டது. ஸ்பூன் இறங்கவில்லை. வேங்கடசாமியின் மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள். அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று.

குழந்தை அந்தத் தகட்டைக் கையால் பெயர்த்துக் கடித்தது. பல்லில் ஒட்டிக்கொண்டது. சிரித்தது. பிறகு சட்டியைக் காட்டி இன்னும் வேண்டும் என்றது. அதற்குத் தமிழ் வராது, அக்காவுக்கு இங்கிலீஷ் வராது. மடியில் உட்கார்ந்து அது சட்டியைச் சுரண்டித் தின்றது. அக்கா அதன் தலையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மூன்று மணிக்கெல்லாம் கார் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு ஒன்பது ஞாயிறு வந்து உட்கார்ந்தார். போன் வரவில்லை. பத்தாவது ஞாயிறு மணி அடித்தது. குழந்தை அத்தை செய்த சாஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம். அவன் மனைவி நான்கு தடவை செய்து பார்த்தும் அந்த மாதிரி வரவில்லையாம். எப்படிச் செய்தாய், சொல்லு, எழுதிக்கொள்கிறேன் என்றான்.

அக்கா ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "மறந்தே போச்சு சாமி. ஏதோ கைக்கு வந்துச்சு, செஞ்சுபோட்டேன்" என்றார்.

போனை வைத்ததும் நான் பிடித்துக்கொண்டேன். உருண்டைப் பதத்தை மறக்கிற ஆளா நீங்கள், கூடப்பிறந்தவனிடம் எதற்குப் பொய் என்று சத்தம் போட்டேன்.

அக்கா எழுந்து ஸ்டூலைச் சுவரோரம் தள்ளி வைத்தார்.

"சொல்லிப்போட்டா அங்கயே காய்ச்சிக் குடுத்துருவாங்கல்லங்க அம்மணி. அப்பறம் கண்ணு எதுக்குங்க இங்க வரும்?"