கால்கயிற்றில் மஞ்சள் டேப்

லிப்ட்காரர் எதையும் ஒருமுறை பார்த்து நம்புகிறவர் அல்ல. கடையில் கொடுக்கிற பையைக்கூடக் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தூக்குவார். வாலிப வயதிலிருந்து அடுக்குமாடிகளின் லிப்ட் குழிகளில் பழுதுபார்க்க இறங்கி ஏறிய உடம்பு. அந்தத் தொழிலில் இரண்டு பழக்கங்கள் உண்டு. கயிற்றைச் சோதித்தவன் அதன் முனையில் மஞ்சள் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவான். டேப்பைப் பார்த்தால் அடுத்தவன் கேள்வி கேட்கமாட்டான். குழிக்குள் இறங்குகிறவன் 'உள்ளே' என்று குரல் கொடுப்பான். ஏறி வந்ததும் 'வெளியே' என்பான். அந்த இரண்டாவது சொல் காதில் விழும்வரை மேலே நிற்கிறவன் சுவிட்சில் கை வைக்கக் கூடாது.

தங்கையின் கணவர் இருந்தவரை இதை வைத்தே அவரைக் கேலி செய்வார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த மனிதர். விடுமுறை கிடைத்தால் போதும், மனைவியோடு ஒரு கடற்கரை ஊருக்குப் போய்ப் பலகைமேல் நின்று அலையில் சறுக்குவார்; அவளுக்கும் கற்றுக்கொடுத்திருந்தார். விழுந்தால் பலகை அடித்துக்கொண்டு போகாமல் அதைக் காலோடு பிணைக்கிற ரப்பர் கயிற்றைப் புறப்படும் முன் இவரிடம் நீட்டுவார்.

"மச்சான், பத்து மாடி லிப்டைத் தாங்கற கயிறையே பாக்கறவர் நீங்க. இந்த ஒல்லிப் பயலுக்கும் ஒரு சர்டிபிகேட் குடுங்க."

லிப்ட்காரரும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, கயிறு முழுவதையும் கட்டைவிரலால் நீவி, மடக்கிப் பார்த்து, டேப்பைச் சுற்றிக் கொடுப்பார்.

போன மழைக்காலத்தில், யாரோ ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே மேஜைமேல் சாய்ந்தார். கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை. மாரடைப்பு.

அதன் பிறகு தங்கை அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கிற வேலையை விடவில்லை. காலையில் போவாள், சாயங்காலம் வருவாள், சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்ப்பாள். வாய்விட்டு அழுதால்கூடத் தேவலை என்று அண்ணனுக்குத் தோன்றியது. பலகை மட்டும் அறை மூலையில், வந்த ஆள் உட்காராமல் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தது.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"அண்ணா, நான் கடலுக்குப் போறேன். அவரும் நானும் எப்பவும் தங்கற அறையையே கேட்டு வெச்சுட்டேன். நாளைக்கு ராத்திரி பஸ்."

"தனியாவா?"

"பலகை இருக்கே."

"எப்ப திரும்பி வர்ற?"

"தெரியல. பாப்போம்."

அவள் மாடிக்குப் போனதும் லிப்ட்காரரின் மனைவி குரலைத் தாழ்த்தினாள். "திரும்பி வர டிக்கெட் போடல, கவனிச்சீங்களா? அவர் சட்டை எல்லாத்தையும் போன வாரமே தூக்கிக் குடுத்துட்டா. எனக்கு என்னவோ நல்லாப் படல."

லிப்ட்காரருக்குப் போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? நீ கடலுக்குள் போனால் திரும்பி வருவாயா என்று கூடப்பிறந்தவளிடம் எப்படிக் கேட்பது?

மாடிக்குப் போனார். அவளே கயிற்றை எடுத்து நீட்டினாள். "பாத்துக் குடு. அவர் இருந்தா பாக்காம விடமாட்டார்."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கயிற்றில் பழுது இருக்கவேண்டும் என்று ஏங்கியபடி நீவினார். மாப்பிள்ளை பொருளைப் பொருளாக வைத்திருந்தவர். சின்னக் கீறல்கூட இல்லை. கை பழக்கத்தில் டேப்பைச் சுற்றிவிட்டது.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். அவர் மேலே போனார். சட்டைப் பையிலிருந்த பிளேடு கைக்கு வந்தது. கணுக்காலில் மாட்டுகிற பட்டைக்குச் சற்று மேலே, பாதி ஆழத்துக்கு ஒரே ஒரு வெட்டு. சாயங்காலம் வந்து, 'அடடா, இதைப் பாத்தியா' என்று தானே காட்டிவிடலாம். இந்த ஊரில் இந்தக் கயிறு எங்கே கிடைக்கும்? வரவழைப்பதற்குள் அவள் லீவு முடிந்துவிடும். இப்படித்தான் கணக்குப் போட்டார். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

அன்று ஒரு பழைய கட்டடத்தில் வேலை. கூட வேலை செய்கிறவனை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். தூங்கும்போது மட்டும்தான் அவன் வாய் ஓயும், அதுவும் சந்தேகம் என்பாள் அவன் மனைவி. குழியில் இறங்கினால் போனை மேலே பையில் வைத்துவிட வேண்டும். மதியம் ஏறி வந்து எடுத்தபோது தங்கையின் குரல்செய்தி காத்திருந்தது.

"அண்ணா, நல்ல அலை முன்னாடியே வருதாம். ராத்திரி வரைக்கும் எதுக்குன்னு இப்பவே கிளம்பிட்டேன். விடியறதுக்குள்ள தண்ணில இருக்கணும். நீதான் கயிறைப் பாத்துட்டியே, அப்புறம் என்ன. வெக்கறேன்."

கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டார்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?" என்றான் ரேடியோ.

"வண்டியை எடு. பஸ் ஸ்டாண்டு."

"பெட்ரோல் இருக்கான்னு..."

"எடுடா!"

அவர் அதட்டி அவன் கேட்டதில்லை. உடனே வண்டியைக் கிளப்பினான்.

பஸ் போயிருக்கும் என்றுதான் நினைத்தார். போகாமல் நிறுத்தி வைத்திருந்தது பலகை. கண்டக்டர் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா இது, வீட்டுக் கதவைக் கழட்டிக்கிட்டு வந்துட்டியா? எந்தச் சீட்ல உக்கார வெக்கறது?"

"மேல கட்டுங்க, சார். கயிறு நான் தர்றேன்."

"மேல கட்டி, அது பறந்து எவன் தலையிலயாவது விழுந்தா? மாமியார் வீட்டுக்கு நீயா போவே, நான்தான் போவணும், ஜெயிலுக்கு."

லிப்ட்காரர் மூச்சிரைக்க நடுவில் புகுந்தார். தங்கை திரும்பினாள். "அண்ணா? நீ ஏன் வேலையை விட்டுட்டு..."

பதில் சொல்லாமல் பலகையில் சுற்றியிருந்த கயிற்றை உருவி, பட்டைக்கு மேலே இரண்டு விரலால் மடக்கினார். வெட்டு வாயைப் பிளந்தது.

"இது எப்படி?" என்றாள்.

"நான்தான்."

அவள் வெட்டையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"சாயங்காலம் நானே காட்டிடலாம்னு இருந்தேன். இல்லன்னா நீ எடுத்து வெக்கும்போது ஒரு தடவை நீவிப் பாப்பேன்னு..."

"நான் ஏன் பாக்கணும்? டேப் இருந்துச்சு. உன் டேப்." குரல் உடைந்தது. "நாளைக்கு இதைக் கட்டிக்கிட்டுத்தான் போயிருப்பேன், தெரியுமா?"

"போகவிடக் கூடாதுன்னுதான் பண்ணினேன்."

"அங்க தெருவுக்குத் தெரு இந்தக் கயிறு விக்குது அண்ணா! உன் திட்டமும் உருப்படாத திட்டம்."

ரேடியோ சிரிக்கப் பார்த்து, இருமலாக்கிக்கொண்டான்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. "நீ திரும்பி வருவியா?" என்று கேட்டுவிட்டார். கேட்டதும் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் முழுவதும் எங்கோ தள்ளிப் போய்விட்டது.

அவள் குரலில் கோபம் இல்லை. "தெரியலன்னு சொன்னது பஸ்ஸைப் பத்தி. அலை எத்தனை நாள் நிக்கும்னு யாருக்குத் தெரியும்? நாங்க என்னைக்குத் திரும்பற டிக்கெட் போட்டிருக்கோம்?" பலகையை நிமிர்த்திப் பிடித்தாள். "நீ பயந்த மாதிரி நான் நினைச்சதே இல்லன்னு சொல்ல மாட்டேன். நினைச்சிருக்கேன். அந்த மாடி அறையிலதான். அங்கயே இருந்தா மறுபடியும் நினைப்பேன். அதனாலதான் போறேன்."

"நானும் வர்றேன்."

"வேண்டாம். நீ கரையில நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா நான் எப்படி எந்திரிச்சு நிப்பேன்?"

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, அந்தக் கதவைக் கடைசி சீட்டுக்குப் பின்னால சாச்சு வை. நேரமாச்சு."

அவள் படியில் ஏறப்போனாள். லிப்ட்காரர் கையைப் பிடித்தார். "ஒண்ணு மட்டும் செய். தண்ணில இறங்கும்போது போன் பண்ணி 'உள்ளே'ன்னு சொல்லு. வந்ததும் 'வெளியே'ன்னு சொல்லு. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

"அங்க நீ எந்த சுவிட்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கப்போற?" என்று கேட்டவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்றாள். வெட்டுப்பட்ட கயிற்றை அவர் கையிலேயே திணித்துவிட்டு ஏறினாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அதே கட்டடத்தின் மோட்டார் அறையில் அவரும் ரேடியோவும் இருந்தார்கள். போன், வைக்கக் கூடாத இடத்தில், சுவிட்ச் பெட்டிமேல் இருந்தது. அடித்தது.

"புதுக் கயிறு. நானே முழுசா நீவிப் பாத்துட்டேன். போனைக் கயிறு வித்த கடைக்கார அக்காகிட்ட குடுத்துட்டுப் போறேன். உள்ளே."

வைத்துவிட்டாள்.

ரேடியோ கருவிகளை எடுத்து வைத்தான், துடைத்தான், மறுபடி எடுத்து வைத்தான். கீழே யாரோ லிப்ட் எப்போது ஓடும் என்று சத்தம் போட்டார்கள். எல்லா வேலையும் முடிந்திருந்தது, சுவிட்சைப் போடுவது ஒன்றுதான் பாக்கி.

"போடலாமாண்ணே? குழியில யாரும் இல்ல."

"கொஞ்சம் இரு."

ரேடியோ எதிரே தரையில் உட்கார்ந்தான். அதற்குமேல் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் கம்பியில் வெயில் ஏறியது. கீழே சத்தம் போட்டவர் திட்டிக்கொண்டே படியேறிப் போனார். லிப்ட்காரர் போனைத் தொடவில்லை. தொட்டால் அது அடிக்காது என்பதுபோல இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டிருந்தார்.

அடித்தபோது ரேடியோதான் பாய்ந்து எடுத்து அவர் காதில் வைத்தான். முதலில் காற்றின் இரைச்சல். பிறகு மூச்சு. உப்புத்தண்ணீரைத் துப்புகிற சத்தம்.

"வெளியே."

லிப்ட்காரர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, கேக்குதா? விழுந்தேன், நிறைய விழுந்தேன். ஒண்ணுல மட்டும் நின்னேன். அவர் பாத்திருந்தா..." மறுபடி மூச்சு. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரிக்க முடியவில்லை. அங்கே பக்கத்தில் யாரோ எதற்கோ கூவினார்கள். "ஐயோ, பெரிய அலையா வரிசையா வருது. இரு இரு, அக்கா, இந்தாங்க போனு. அண்ணா, உள்ளே!"

லிப்ட்காரர் சுவிட்சை நோக்கி எழுந்தவர், மறுபடி உட்கார்ந்தார்.