மூக்கன் தேர்ந்த பலகை

ஊறவைத்த பலகை மக்கிப்போகிறதாம். பல் டாக்டர் கட்டடத்தின் முன்சுவரில் கறுப்புக் கறுப்பாக ஏதோ வழிகிறதாம். கண்ணாடி பொருத்துகிறவன் பார்த்துவிட்டுப் பெயிண்டரிடம் சொல்ல, பெயிண்டர் அதை அப்படியே மரக்கடையில் கொண்டுவந்து இறக்கினார்.

மூக்கன் சிரிக்கக்கூட இல்லை. பெயிண்டருக்கெல்லாமா சிரிப்பைச் செலவழிப்பது?

"நீ பார்த்தியா?"

"கண்ணாடிக்காரன் பார்த்தானாம்."

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே அவனுக்குத் தெரியாது. மரத்துக்குள்ள இருக்கிறதா தெரியப்போகுது?"

சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. அத்தான். அக்காவைக் கட்டியவர். இந்த வாரத்தில் நான்காவது தடவை. மூக்கன் எடுக்கவில்லை. கட்டைவிரலால் அமுக்கி அதன் வாயை அடைத்தான்.

வீடுகளின் வெளிச்சுவருக்குப் பலகை அடிப்பது அவன் தொழில். இருபத்திரண்டு வருஷமாக அதே தொழில், அதே எரிச்சல். வெயிலையும் மழையையும் தாங்கவென்று பக்குவம் செய்த மரம் இரண்டு வகையாக வரும். ஒன்றைக் காற்றுப் புகாத சூளையில் இருநூறு டிகிரி சூட்டில் வாட்டுவார்கள். கருகிய சர்க்கரை வாசனை அடிக்கும். மற்றதை வினிகருக்குச் சொந்தக்காரத் திரவம் ஒன்றில் ஊறவைப்பார்கள். கிட்டே போனாலே மூக்கு சுளிக்கும். விளம்பரத் தாளில் இருக்கும் நீளப் பெயர்கள் கடைக்காரர் வாயிலேயே நுழையாது என்பதால், கடையில் இவை வெறும் 'சுட்டது', 'ஊறினது'. கண்ணைக் கட்டிவிட்டாலும் மூக்கன் முகர்ந்தே வகை சொல்வான். பெயர் அப்படி வந்ததுதான். மற்றவர்களைப் பார்க்கும்போதும் அந்த மூக்கு அதே மாதிரிதான் சுளிக்கும் என்பதால் பெயர் நிலைத்துவிட்டது.

வீட்டுக்குப் படம் போடுகிறவர்களை அவனுக்குப் பிடிக்காது. கணினியில் மழை பெய்யாது என்பான். வீட்டுக்காரர்களைப் பிடிக்காது, நிறத்தைப் பார்த்து மரம் வாங்குகிறவர்கள். பிடித்தவள் என்று ஒரே ஒருத்தி, அக்கா. இரண்டு மாதம் முன்பு தன் வீட்டுச் சுவருக்குப் பலகை எடுக்கும்போது அவளுமே நிறத்தைத்தான் பார்த்தாள்.

"சுட்டது நல்லாத்தானே இருக்கு, காப்பி நிறத்துல?"

"ரெண்டு வெயில் பட்டா சாம்பல் நிறம். அப்புறம் எங்க போய்க் காப்பியத் தேடுவ? அதோட வாட்டின மரம் பிஸ்கட் மாதிரிக்கா. ஓரத்துல ஸ்க்ரூ இறக்கினா பிளந்துக்கும். உன் சுவரோ தரையோட தரையா இருக்கு. செடிக்குத் தண்ணி ஊத்துறேன்னு தினம் குழாயை அதும் மேலயே திருப்புவ. ஊறினதுதான் தாங்கும். ஊதாது, வளையாது."

அத்தான் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர். ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தால் பேனாவைப் போலப் பிடிப்பார். கடையில் கொடுத்த தாளை விரித்து வைத்துக்கொண்டு, "இதுல ஸ்க்ரூவைப் பத்திச் சின்ன எழுத்துல ஏதோ போட்டிருக்கு, மாப்ள..." என்று ஆரம்பித்தார்.

"படிக்கிறது உங்க வேலை, அத்தான். அடிக்கிறது என் வேலை."

வேலை முடிந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க, சுவரைத் தட்டிக் காட்டி அவன் சவால் விட்டான். "இதுல ஒரு கறை விழட்டும், ஆயுசுக்கும் இந்த வாசலை மிதிக்க மாட்டேன்."

"வாயைக் கழுவுடா! ஞாயித்துக்கிழமை உனக்கு வேற எவ சோறு போடுவா?" என்றாள் அக்கா.

உண்மைதான். மற்ற எல்லா வீட்டுக் கதவையும் அவன் பேசியே சாத்திவிட்டிருந்தான்.

பெயிண்டரின் முகத்தில் கரியைப் பூசிவிடும் உற்சாகத்தோடு, மத்தியானமே மரக்கடையிலிருந்து பல் டாக்டர் கட்டடத்துக்குப் போனான். வழிந்திருந்தது வாஸ்தவம். ஆனால் பலகை கல்லு மாதிரி இருந்தது. உளி முனையால் குத்தினால் உள்ளே இறங்கவில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்தும் மை கொட்டியதுபோல ஒரு கோடு கீழே ஓடியிருந்தது. சாவிக் கொத்தில் தொங்கிய காந்தத்தை ஒரு தலையில் வைத்தான். 'டக்'கென்று கவ்வியது. நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காந்தத்தை ஏறெடுத்தும் பார்க்காது. இது மேலுக்குப் பூச்சுப் பூசிய வெறும் இரும்பு. ஊறின மரத்தில் மிச்சமிருக்கும் வினிகர்ப் புளிப்பு, பூச்சைத் தின்றுவிட்டு இரும்பையும் தின்கிறது.

"மடப்பய!" என்று அதை அடித்தவனை நினைத்து வாய்விட்டே சிரித்தான். வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நோயாளி, தன்னைத்தான் சொல்கிறானோ என்று முறைத்தார்.

நல்ல ஸ்க்ரூ எப்படி இருக்கும் என்று அந்த நோயாளிக்கே பாடம் நடத்தும் எண்ணத்தில் மூக்கன் கருவிப்பையைத் துழாவினான். அக்கா வீட்டில் மிஞ்சியது ஒரு பிடி கிடந்தது. ஒன்றை எடுத்துக் காந்தத்துக்குக் காட்டினான்.

டக்.

இன்னொன்று. டக்.

அன்று அக்கா வீட்டு மேற்குச் சுவர் அடிக்கும்போது ஸ்க்ரூ தீர்ந்துவிட்டது. சாரத்தின் மேல் நின்றபடியே அத்தானைக் கடைக்கு விரட்டினான். "நாலு சென்டிமீட்டர், ஒரு பெட்டி. அதுக்கு மேல சொன்னா குழம்பிடுவீங்க." என்ன உலோகம் என்று சொல்லவில்லை. அவருக்கு எதற்கு? வந்த பெட்டிக்குள் பார்க்காமலே கையை விட்டு எடுத்து, ஒரு சுவர் முழுக்க இறக்கினான். பலகை ஒவ்வொன்றையும் முகர்ந்தவன் ஸ்க்ரூவை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

நேற்று இரவு மழை. அத்தான் இந்த வாரம் நான்கு தடவை கூப்பிட்டிருந்தார்.

படியில் உட்கார்ந்து அத்தானின் எண்ணை அழுத்தினான். கறை கீழே ஓடுவதற்குள் ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிவிடலாம். ஆனால் அதற்கு, அக்கா கண்ணில் படுவதற்கு முன் மேற்குப் பக்கம் போய்ப் பார்த்து மறைக்கிற ஆள் ஒருத்தர் வேண்டும். அத்தானை விட்டால் வேறு ஆள் இல்லை. அவரோ நூலகத்தில் இருப்பார், அல்லது சுவருக்கு முன்னாலேயே அந்தத் தாளை விரித்துக்கொண்டு நிற்பார்.

மறுமுனையில் மணி அடித்தது. முதல் வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அத்தானிடம் அவன் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.