பெருநாளன்று நடக்காத கூட்டம்

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது இது. அப்போது கல்லடியில், வாவியைப் பார்த்த ஒரு மாடி அறையில், நாங்கள் ஐந்து பேர் சின்னதாக ஒரு மருத்துவக் கருவி செய்துகொண்டிருந்தோம். சேலைன் போத்தல் முடிகிற நேரம் சத்தம் போட்டுத் தாதியைக் கூப்பிடும் பெட்டி அது. அனுமதி கிடைத்தால் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். கிடைக்காவிட்டால் ஐந்து பேரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

கருவி செய்தால் மட்டும் போதாது. எதை எப்போது மாற்றினோம், ஏன் மாற்றினோம், யார் சோதித்தார்கள் என்று அன்றன்றைக்கு எழுதி ஒரு கோப்பும் வைத்திருக்க வேண்டும். வடிவமைப்பு வரலாற்றுக் கோப்பு என்று பெயர். அது என் பொறுப்பு. களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற களைப்பில், நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன். கோப்பைப் பார்க்கக் கொழும்பிலிருந்து அனுமதி அதிகாரி ஒரு அம்மா வருகிறார் என்று தெரிந்ததும், மூன்றே நாளில் ஒரு வருட வரலாற்றையும் எழுதி முடித்தேன். வாரத்துக்கு ஒரு கூட்டம் என்று தேதிகளையும் நானே போட்டேன். ஒரே பேனை, அடித்தல் திருத்தல் கிடையாது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

எங்களோடு சோதனை வேலை செய்த காத்தான்குடித் தங்கச்சி ஒருத்தி வேறு மாதிரி. கலண்டரில் அன்றைய தேதித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அன்றைய சோதனையைக் கிறுக்கி, கடையில் பில் குத்துவது போலக் கம்பியில் குத்தி வைப்பாள். அந்தக் குப்பையை வருகிறவர் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கச் சொன்னேன்.

வந்தவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பக்கம் பக்கமாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. காலை முதல் மாலை வரை ஐந்து பேரும் கூடி வயர்களைச் சோதித்ததாக நான் எழுதியிருந்த நாள். அன்றைக்கு நீங்களும் வந்தீர்களா என்று தங்கச்சியைத் தேதி சொல்லிக் கேட்டார். அவளுக்குப் பொய் வராது.

“அண்டைக்கு ஹஜ்ஜுப் பெருநாள் மிஸ். நான் ஊட்டுல வட்டிலப்பம் அவிச்சிட்டு நிண்டன்.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பி, பெட்டியில் முதலில் இருந்த பாட்டை எடுத்துவிட்டு ‘கீ கீ’ என்று கத்துகிற சத்தத்தை ஏன் வைத்தீர்கள் என்றார். ‘செயல்திறனை மேம்படுத்த’ என்று எழுதியிருந்தேன். உண்மையான காரணம் எனக்கு நினைவில்லை. அது போதாதென்று, இந்தச் சத்தம் காதைக் குடைகிறது, பழைய பாட்டையே போடுவோம் என்று போன வாரம்தான் ஓடர் கொடுத்திருந்தேன். அதையும் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

தங்கச்சி எழுந்துபோய்க் கம்பியோடு வந்தாள். ஒரு தாளை உருவி நீட்டினாள். ஓர் ஆஸ்பத்திரியில், நோயாளிக்குப் பூட்டாமல், வெறும் கட்டிலில் பெட்டியைத் தொங்கவிட்டு ஒத்திகை பார்த்த நாளின் தாள். அன்றைக்கு நான் போகவில்லை. அந்த அம்மா வாய்விட்டு வாசித்தார்.

“போத்தல் முடிஞ்சி பாட்டு வந்தும் மிஸ்ஸி வரல்ல. பாண் ஓட்டோ எண்டு நினைச்சாவாம். பக்கத்துக் கட்டில் ஐயா ரெண்டு பணிஸ் கேட்டார்.”

எங்கள் பக்கம் பாணும் பணிசும் விற்கிற ஓட்டோ அதே பாட்டைப் போட்டுக்கொண்டுதான் தெருவில் வரும். கீழே அந்த மிஸ்ஸியின், அதுதான் தாதியின், கையெழுத்தும் இருந்தது. தேதி தாளிலேயே அச்சாகியிருந்தது.

அப்போதுதான் அவர் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிற அளவுக்கு. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, உங்க கோப்பு அழகா இருக்கு. ஆனா நான் நம்புறது இந்தக் குப்பையத்தான்.”

அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. அனுமதி அன்று கிடைக்கவில்லை, இரண்டு மாதத் தவணைதான் கிடைத்தது. ஓடரை நிறுத்தினேன். என் அழகான பக்கங்களைக் குறுக்கே கோடிட்டு, இவை பின்னால் எழுதப்பட்டவை என்று கையெழுத்துப் போட்டேன். கலண்டர் தாள்களைத் தங்கச்சி எடுத்துத் தர, நான் ஒட்டினேன். இரண்டாம் தடவை அனுமதி கிடைத்துத் தப்பிவிட்டோம். அன்றிலிருந்து நானும் கலண்டர் தாளில்தான் அன்றன்றைக்கு எழுதுகிறேன்.

இப்போதும் காலையில் எங்கள் ஒழுங்கையில் பாண் ஓட்டோ பாட்டோடு வரும்போது வீட்டில் எல்லோரும் வாசலுக்கு ஓடுவார்கள். எனக்கு மட்டும், எங்கோ ஒரு கட்டிலில் போத்தல் வெறுமையாகி யாரோ மிஸ்ஸியை எதிர்பார்த்துக்கொண்டு கிடப்பது போலத் தோன்றும், நேற்றைய தாளை எழுதினேனா என்று நெஞ்சு ஒருதரம் திடுக்கிடும்.