வேப்பமரத் தெரு கலியமூர்த்தி

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரை மணி. ராஸ் அல் கைமாவில் எங்கள் டைல்ஸ் தொழிற்சாலையின் டிஸ்பாட்ச் ஆபீசில் நான் மட்டும் டியூட்டியில் இருந்தேன். போன் அடித்தது. தொழிலாளர் கேம்பிலிருந்து என் ரூம்மேட் செல்வம்.

"அண்ணே, ஆம்புலன்ஸ் வந்துருச்சுண்ணே."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

"வந்து பிரயோசனம் இல்லண்ணே. கலியமூர்த்தி அண்ணன் போய்ட்டாரு."

நாற்பது நிமிடத்துக்கு முன்னால் அந்த ஆம்புலன்ஸை அழைத்தவன் நான். வழி சொன்னவனும் நான். அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் மாலை மெஸ் ஹாலில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். கம்பெனி சார்பில் கேம்ப் பாஸ் வந்தார். அறை, தண்ணீர், சாவி எல்லாம் அவர் பொறுப்பு. மதுரைப் பக்கத்துக்காரர், நம் ஆள்தான். "கலியமூர்த்தி ரொம்ப அடக்கமான மனுசன். அவரால ஒரு கம்ப்ளைன்ட் வந்தது கெடையாது" என்று சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் தலை குனிந்து நின்றார். பதினாலு வருட சர்வீஸில் அண்ணன் வாங்கிய ஒரே வார்னிங் லெட்டரில் கையெழுத்துப் போட்டவர் இவர்தான். கலியமூர்த்தி அண்ணன் அடக்கமானவர் இல்லை. அவரை அறியாதவர்கள் அந்தப் பேச்சை நம்பிவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். பி.யு.சி. வரை படித்தவர். லோடிங் வேலைக்கு வந்தார். அட்டைப்பெட்டியில் இருக்கும் ஆங்கிலத்தைத் தடுமாறாமல் படிப்பதைப் பார்த்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். நான் அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் ஸ்டோர் கீப்பர். மேல் கட்டில் எனக்கு, கீழ்க் கட்டில் அவருக்கு. அவர் தலைமாட்டில் அட்டை கிழிந்த ஆங்கில நாவல்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன. வேலையை முடித்து ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரின் மனைவி குப்பைத் தொட்டிக்கு அனுப்பிய புத்தகங்கள். தொட்டிக்குப் போகும் வழியில் அண்ணன் மறித்துவிட்டார்.

எல்லாம் காதல் கதைகள். இருநூறு வருடத்துக்கு முந்தைய லண்டன். ராஜாவுக்குப் புத்தி பேதலித்துவிட, மகன் பொறுப்பேற்று ஆண்ட காலம். பெரிய துரைமார்கள், குதிரை வண்டிகள், நடன விருந்துகள், கடைசிப் பக்கத்தில் கல்யாணம். ஆனால் அண்ணனுக்குக் கல்யாணம் முக்கியமில்லை. ஆள் மாறினாலும், எழுதியவர் மாறினாலும், எல்லாக் கதையிலும் தெருக்கள் மட்டும் மாறவில்லை என்பதைக் கண்டுபிடித்தார். பாண்ட் தெரு என்றால் கடைகள். செயின்ட் ஜேம்ஸ் தெரு என்றால் ஆண்களின் கிளப்புகள். நல்ல குடும்பத்துப் பெண் அங்கே நடந்தால் பெயர் கெட்டுவிடும். மாலை ஐந்து மணிக்கு ஹைட் பார்க்கில் எல்லோரும் வண்டியில் உலா வருவார்கள்.

டைல்ஸ் பெட்டி ஒன்றைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் லண்டனை வரைந்தார். முதலில் எல்லாம் பென்சில். "ஒரு புத்தகம் சொன்னா பென்சில். ரெண்டாவது புத்தகம் ஒத்துக்கிட்டாத்தான் மை" என்பார். ஸ்டோர்க்காரர் புத்தி. இரண்டு பேர் எண்ணிப் பார்க்காமல் எந்தச் சரக்கையும் அவர் உள்ளே எடுத்தது கிடையாது.

வெள்ளிக்கிழமை சமையல் முடிந்ததும் அறையில் கதை நடக்கும். அண்ணன் தமிழில் சொல்வார். நாங்கள் எட்டுப் பேர் அட்டையைச் சுற்றி உட்கார்ந்து துரை போகும் வழியை விரலால் தொடர்வோம். ஒருநாள் பாதியில் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார்.

"என்னண்ணே ஆச்சு?" என்றான் செல்வம். "பொண்ணு செத்துருச்சா?"

"வாட்டர்லூ பாலத்து மேல நடந்து போறாளாம்! வாட்டர்லூ சண்டையே இன்னும் நடக்கலடா. சண்டையில ஜெயிச்ச பெறகுதான் பாலத்துக்கு அந்தப் பேரு. இவ தண்ணியிலயா நடக்குறா? காசு வாங்கிட்டு எழுதுறவனுக்கு ஒரு பாலம் இருக்கா இல்லையான்னு பாக்க வேணாமா?"

சாப்பிட்டு முடிக்கும் வரை அந்தக் கோபம் தணியவில்லை. நாங்கள் சிரித்தோம். "அது கதைதானேண்ணே" என்று நான் வாயைக் கொடுத்தேன். என்னை முறைத்துவிட்டு அவர் சொன்னது இது: "தொரையும் பொய்யி, அந்தப் பொண்ணும் பொய்யி. ஆனா தெரு நெசம். நாம எல்லாரும் நெசம்டா. நமக்கு ஒரு தெரு இருக்கா?" செல்வம் எழுந்து டீ போடப் போனான்.

எங்கள் கேம்பில் ஏழு வரிசை அறைகள். எழுநூறு பேருக்குமேல் இருக்கிறோம். எந்த வரிசைக்கும் பெயர் இல்லை, எண்ணும் இல்லை. கடிதம் தொழிற்சாலையின் தபால் பெட்டிக்கு வரும். யாராவது வழி கேட்டால் பெட்ரோல் பங்க் தாண்டி, பச்சைக் கடைக்குப் பின்னால் என்போம். அது ஒரு மலையாளி நடத்திய பலசரக்குக் கடை, பச்சை ஷட்டர். கேம்ப் மொத்தத்துக்கும் விலாசம் அந்த ஷட்டர்தான். அண்ணனுக்கு அதைக் கேட்டாலே ஆகாது. "கடை இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போகும். லண்டன்ல பால் மால்னு ஒரு தெரு. ஏதோ பந்தாட்டத்தோட பேராம். ஆட்டத்த அந்தக் காலத்துலயே எல்லாரும் மறந்தாச்சு, பேரு மட்டும் நிக்குது. பேரு வச்சாத்தான்டா எடம் நிக்கும்."

பேசிவிட்டுப் படுத்துக்கொள்கிற ஆளா அவர்? ஒவ்வொரு வரிசைக்கும் போய், உங்கள் தெருவுக்கு என்ன பெயர் வேண்டும் என்று கேட்டார். முதல் வரிசைக்காரர்கள் விளையாட்டுக்கு பாண்ட் தெரு என்றார்கள். ஒத்துக்கொள்ளவில்லை. "அது அவங்க தெரு. நீ ஒம் பேர வையி" என்று திருப்பி அனுப்பினார். எங்கள் வரிசையின் கோடியில் ஏ.சி. தண்ணீர் குடித்து வளர்ந்த ஒரு வேப்பமரம் உண்டு. வேப்பமரத் தெரு ஆனோம். கழித்துப்போட்ட டைல்ஸில் அவரே ஆங்கிலத்தில் எழுதினார். அரபியில் ஆபீசில் வேலை பார்த்த சூடான்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். சூளை ஆட்களைக் கெஞ்சி, எழுத்து அழியாதபடி சுட்டெடுத்து, மரச்சட்டம் போட்டு ஏழு வரிசையின் முகப்பிலும் ஆணி அடித்து மாட்டினார்.

ஒன்பதாம் நாள் கேம்ப் பாஸ் வந்தார். "ஆணி அடிக்க ஒனக்கு யாருய்யா பெர்மிஷன் குடுத்தது? இது என்ன ஊரா, தெருவுக்குத் தெரு போர்டு வைக்க? கேம்ப்புய்யா இது. கழட்டு."

"ஆத்திர அவசரத்துக்கு ஒரு வண்டி வந்தா எங்கன்னுங்க வரும்?" என்று அண்ணன் கேட்டார். அப்போதே கேட்டார். எழுநூறு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. போர்டுகள் இறங்கின. மறுநாள் வார்னிங் லெட்டர் வந்தது. அதை மடித்து ஒரு நாவலுக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

இரண்டு மாதத்துக்கு முன் சாலையை அகலப்படுத்தியபோது பச்சைக் கடையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கம்பெனி பஸ்ஸில் தினமும் அந்த வெற்றிடத்தைத் தாண்டித்தான் நான் போகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாப்பிட உட்காரும் நேரத்தில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். செல்வத்துக்கு ஆங்கிலமும் இந்தியும் வராது. என்னைக் கூப்பிட்டான். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். "எந்தத் தெரு?" என்றார்கள். தெரு இல்லை என்றேன். "அடையாளம்?" என்றார்கள். பெட்ரோல் பங்க் தாண்டி பச்சைக் கடைக்குப் பின்னால் என்றேன்.

ஆம்புலன்ஸ் டிரைவர் என்னைப் போனில் கூப்பிட்டு, "பாய், பச்சைக் கடை எங்கே?" என்று இந்தியில் கேட்டார். பங்க் தாண்டினதும் இருக்கிறது பாருங்கள் என்று சத்தம் போட்டேன். திரும்பக் கூப்பிட்டார். திரும்பவும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை அவர் கூப்பிட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இல்லாத கடையைத் தேடச் சொல்லி ஓர் உயிரைக் காக்க வந்த வண்டியை நான் சுற்றவிட்டுக்கொண்டிருந்தேன். பாலம் இல்லாத ஆற்றில் கதாநாயகியை நடக்கவிட்டவனுக்கு அண்ணன் அத்தனை கோபப்பட்டாரே, என்னை என்ன சொல்லியிருப்பார்? கடைசியில் செல்வம் மெயின் ரோட்டுக்கு ஓடி, லுங்கியை அவிழ்த்து ஆட்டி வண்டியை மறித்திருக்கிறான்.

ஆம்புலன்ஸ்காரர்கள் மேல் தப்பில்லை. முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

உடலை ஊருக்கு அனுப்ப கம்பெனி ஆள் ஃபாரம் நிரப்பினார். இறந்த இடம், தெரு என்று ஒரு கட்டம். பேனாவால் அதில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். "தெரு இருக்கு சார்" என்றேன். "எங்கே, காட்டு" என்றார். என்னால் காட்ட முடியவில்லை.

நேரே ஸ்டோருக்குப் போய்த் தேடினேன். எனக்கு அவரைத் தெரியும், தூக்கிப்போட்டிருக்க மாட்டார். கடைசி ரேக்குக்குப் பின்னால், செய்தித்தாளில் சுற்றி, ஏழு டைல்ஸும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன.

அண்ணனின் சவப்பெட்டி விமானம் ஏறிய அன்று சாயங்காலம் டைல்ஸ் ஒட்டும் பசையைக் குழைத்து அந்த ஏழு டைல்ஸையும் சுவரோடு சுவராக ஒட்டினோம். இந்தத் தடவை ஆணியும் இல்லை, சட்டமும் இல்லை. பெயர்த்தால் சுவரையும் சேர்த்துத்தான் பெயர்க்க வேண்டும். கேம்ப் பாஸ் வந்தார். "எவன்டா ஒட்டுனது?" என்றார். எழுநூறு பேரும் வெளியே வந்து நின்றோம். செல்வம் முன்னால் போனான்.

"கலியமூர்த்தி அண்ணன் ஒட்டுனாருங்க. வார்னிங் லெட்டர் குடுக்கணும்னா அவருகிட்ட குடுங்க."

அவர் அங்கே நின்ற எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். இதை நீங்கள் இருக்கும்போது செய்திருக்க வேண்டும், அண்ணே. அன்றைக்கும் நாங்கள் இதே எழுநூறு பேர்தான்.

டிஸ்பாட்ச் ஆபீசில் போனுக்குப் பக்கத்தில் ஏழு தெருவின் பெயரையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்கள் வழக்கப்படி முதலில் பென்சிலில்தான் எழுதினேன். செல்வம் ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்துச் சரி என்று சொன்னபிறகு மையில் எழுதினேன். இனி எந்த டிரைவர் கேட்டாலும் நான் சரியாக வழி சொல்வேன். உங்களுக்குத்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன். போய் வாருங்கள், அண்ணே.